எட்டு நாளில் பாதி

தம்பி,

நிச்சயதார்த்தத்தன்று உன் அத்தை பெண் வீட்டாரிடம் சொன்னதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். "இவனத் தூக்கி வளத்தது நாந்தாங்க. பெத்தவ கிட்டயே வரமாட்டா. புள்ள தவந்து வந்தா இவ எந்திரிச்சு ஓடுவா." கையில் வெற்றிலைத் தட்டுடன் நின்றிருந்த எனக்கு அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பெண்ணின் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வந்தவர்கள் போன பிறகு உன்னிடம் பேச வந்தேன். "விடுங்கம்மா, பழைய கதை" என்று சொல்லிவிட்டுச் சட்டை மாற்றப் போய்விட்டாய். பழைய கதைதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் ஒரு பக்கம்தான் உன் காதுக்கு வந்திருக்கிறது. மறுபக்கத்தைச் சொல்ல நான் வாயெடுத்தபோதெல்லாம், "ஐயையோ கணக்கா?" என்று யாராவது எழுந்து போயிருக்கிறார்கள். ஆகவே எழுதுகிறேன். நடுவில் கணக்கு வரும். எழுந்து போகாமல் படி.

நீ பிறந்து சில மாதங்களில் எனக்குக் கை நடுங்கத் தொடங்கியது. அப்போது நான் கொட்டகலைப் பக்கத்தில் நம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் ஒரு நேர்கோடு போட வரவில்லை. எல்லோரும் கம்பளியைச் சுற்றிக்கொண்டு திரிகிற குளிரில் எனக்கு மட்டும் முதுகில் வியர்வை ஓடும். தின்றது எங்கே போகிறது என்று தெரியாமல் உடம்பு கரைந்தது. நெஞ்சு தப்படிக்கிற மாதிரி அடித்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் உன்னைக் குளிப்பாட்டும்போது கையிலிருந்து நழுவிவிட்டாய். பேசினில் கிடந்த தண்ணீர் தாங்கியதால் தப்பினாய். அதன் பிறகுதான் உன் அப்பா தேயிலைப் பக்டரியில் லீவு சொல்லிவிட்டு என்னை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே கழுத்தைத் தடவிப் பார்த்து, தொண்டையில் கழலை, அதுதான் உடம்பை இப்படி விரட்டுகிறது என்று சொல்லிக் கொழும்புக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

கொழும்பில் ஒரு பெரிய டாக்டர், இந்த நெஞ்சுத் துடிப்போடு கத்தி வைக்க முடியாது, புதிதாக ஒரு மருந்து வருகிறது, அதைக் கொடுக்கலாம் என்றார். அது ஒருவகை அயடின். தொண்டைச் சுரப்பி அயடினைத் தானாகவே இழுத்துக்கொள்ளுமாம். இந்த அயடின் உள்ளே போய் அங்கிருந்தபடியே கதிர்வீசி வீக்கத்தைச் சுட்டுவிடுமாம். அதற்கு முன்னால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டும் என்றார்கள். நிறுத்தினேன். பால் கட்டி மார்பு கல்லாய்க் கிடக்க, நீ அடுத்த அறையில் அழும்போதெல்லாம் ரவிக்கை நனைந்தது. அதற்குள் வந்து சேர்ந்திருந்த உன் அத்தை மாப்பால் கரைத்துப் புட்டியில் கொடுத்தார். நீ முதலில் துப்பினாய், பிறகு குடித்தாய். துப்பியதும் எனக்கு வேதனை, குடித்ததும் எனக்கு வேதனை. இதை உன் மனைவிக்கு ஒரு பிள்ளை பிறக்கும்வரை நீ விளங்கிக்கொள்ளமாட்டாய். அதனால் மேலே போகிறேன்.

மருந்தை ஒரு ஈயப் பாத்திரத்துக்குள்ளிருந்து எடுத்தார்கள். சின்னக் குப்பி, உள்ளே வெறும் தண்ணீர் போல ஏதோ ஒன்று. கொண்டுவந்தவர் கையை நீட்டி அதை மேசையில் வைத்துவிட்டு எட்டிப்போய் நின்றுகொண்டார். குடித்தபோது வராத பயம், அவர் எட்டி நின்றதைப் பார்த்தபோது வந்தது. வெளியே அனுப்பும்போது ஒரு துண்டுத்தாளில் ஆங்கிலத்தில் சில வரிகள் எழுதிக் கொடுத்தார்கள். நர்ஸ் ஒருத்தி பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் அதை விளக்கினாள். கொடுத்தது பத்து அளவு. எட்டு நாளில் அது பாதியாகும். அரை அளவுக்குக் கீழே இறங்கும்வரை கைக்குழந்தையைக் கிட்ட எடுக்கக்கூடாது. "எத்தன நாளும்மா அது?" என்று கேட்டேன். "அதில எழுதி இருக்குதானே" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். நாள் அதில் எழுதியிருக்கவில்லை.

ஊருக்கு வந்ததும் ஆளுக்கொரு நாள் சொன்னார்கள். தோட்டத்து மருந்துக்காரர் மூன்று மாதம் என்றார். டிக்கோயாவில் விசாரித்தால், "ஒரு மாசம் போகட்டும், பாப்போம்" என்றார்கள். உன் அத்தை எல்லோருக்கும் மேலே போனார். "உள்ள நெருப்ப முழுங்கிட்டு வந்திருக்கா. அது எப்பவும் போகாது" என்றார். அவர்மேல் நான் இங்கே எவ்வளவு எரிந்து விழுந்தாலும் ஒன்றை எழுதத்தான் வேண்டும். ஆள் அனுப்பிய மறுநாளே பூண்டுலோயாவிலிருந்து பஸ் மாறி வந்து இறங்கி, தன் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு உன்னை இடுப்பில் ஏந்தியவர் அவர்தான். எங்கள் வீடு சின்னது. எதிர்ப்பக்கம், பாதைக்கு அந்தப் புறம், இந்தியாவுக்குப் போன ஒரு குடும்பம் விட்டுப்போன ஒற்றையறை லயக் காம்பரா காலியாகக் கிடந்தது. தோட்ட மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையாவிடம் சொல்லி எனக்கு அதைத் திறந்துவிட்டார்கள். தனித் தட்டு, தனிக் கோப்பை, தனிப் பாய். நான் வாசலில் உட்கார்ந்தால் எதிரே நீ படியில் உட்கார்ந்திருப்பது தெரியும். இடையில் ஒரு பாதையும் அதன் ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் கானும் மட்டும்.

எனக்குக் கணக்கு வரும் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. மூன்று எண்ணைக் கொடுத்தால் நாலாவதைக் கண்டுபிடிக்கும் வித்தையைத்தான் நான் வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். பத்தில் பாதி ஐந்து. ஐந்து அளவு போக எட்டு நாள். எனக்குப் போகவேண்டியது ஒன்பதரை. அப்படியானால் பதினைந்து நாளும் கொஞ்சமும். பதினாறாம் நாள் உன்னைத் தூக்கலாம் என்று முடிவு கட்டினேன். எதிர்வாசலில் நின்ற உன் அப்பாவிடம் பாதைக்கு இந்தப் பக்கமிருந்தே சத்தமாகச் சொன்னேன். அவர் பக்டரியில் எஞ்சின் பார்க்கிற மனுஷன். ஒரு திருகைத் திருப்புவதற்கு முன் மூன்று தடவை யோசிப்பார். "தெரிஞ்ச ஆள் ஒருத்தர்கிட்ட கேட்டுட்டுத் தூக்கு" என்றார். அட்டனில் ஒரு கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பிக்கும் மாஸ்டர் ஒருவரை அவருக்குப் பழக்கம். ஆய்வுகூடத்து மோட்டார் ஒன்றைப் பழுதுபார்த்துக் கொடுத்திருந்தார். மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். பதினாறாம் நாள் காலையில் தலைக்குக் குளித்து, நல்ல சேலை உடுத்து, திரும்பி வந்ததும் உன்னை வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்போடு பஸ் ஏறினேன்.

மாஸ்டர் துண்டுத்தாளை மேசையில் வைத்து எட்ட நின்று படித்தார். பிறகு என் கணக்கைக் கேட்டார்.

"பதினாறு நாளோ? ஆர் சொன்னது?"

"நானே போட்டேன் சார்."

"பிழை. முதல் எட்டு நாளில பாதி போகும். அடுத்த எட்டு நாளில மிச்சத்திலதான் பாதி போகும், முழுசில இல்லை. இண்டைக்கு உங்களில இரண்டரை அளவு இருக்கு."

நான் உட்கார்ந்துவிட்டேன். "அப்ப முழுக்க எப்ப போகும்?"

"போகாது. பாதியில பாதி, அதில பாதி எண்டு குறைஞ்சுகொண்டே போகும். கணக்குப்படி ஒரு நாளும் சைபராகாது."

"அப்ப நான் எம் புள்ளைய எப்ப சார் தூக்குறது?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கரும்பலகையில் வேகமாக எழுதிக்கொண்டு போனார். பத்து, ஐந்து, இரண்டரை, ஒன்றேகால், அரையே அரைக்கால், காலே வீசம். "அரைக்குக் கீழ வரவேணும் எண்டால் நாலாவது பாதிக்கும் அஞ்சாவது பாதிக்கும் இடையில. முப்பத்திரண்டாம் நாளுக்கும் நாப்பதாம் நாளுக்கும் நடுவில. நாப்பது எண்டு வையுங்கோ."

"நடுவுலன்னா எந்த நாள்?"

"அதுக்கு மடக்கை பாக்கவேணும் டீச்சர். எச்.எஸ்.சி. படிக்கிற பெடியளே அதில தடுமாறுறாங்கள். உங்களுக்கு ஏன் அது? எட்டு நாள்தானே, பொறுத்தால் என்ன?"

"ஒங்களுக்கு எட்டு நாள்" என்றேன். குரல் கொஞ்சம் தடித்துத்தான் வந்தது. மணி அடித்தது. அவர் ஒரு தாளில் ஒற்றை வரி எழுதிக் கொடுத்துவிட்டு வகுப்புக்கு ஓடினார். எத்தனை பாதி என்பது, இருபதின் மடக்கையை இரண்டின் மடக்கையால் வகுத்தால் வரும். அவ்வளவுதான் எழுதியிருந்தது. மறுநாள் போய்க் கேட்டிருந்தால் அவரே போட்டுக் கொடுத்திருப்பார். நான் போகவில்லை. அதற்குள் ஐந்து பேர் எனக்கு ஐந்து நாள் சொல்லிவிட்டார்கள், அதில் ஒன்று நானே சொன்னது. இனி என் கையால் போட்டு எனக்கு விளங்கிய நாளைத் தவிர வேறு நாளை நம்பமாட்டேன் என்று வீம்பு வந்துவிட்டது. பஸாரில் ஒரு முஸ்லிம் நானாவின் புத்தகக் கடை இருந்தது. வெளியே நின்றபடியே மடக்கை அட்டவணை இருக்கிறதா என்று கேட்டேன். மெல்லிய புத்தகம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார். "மகன் படிக்கிறாரா டீச்சர்?" என்றார். "ஆமா நானா, மகனுக்குத்தான்" என்றேன். உனக்கு அப்போது பல்லே முழுதாக முளைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, உடுத்திய நல்ல சேலையைக்கூட மாற்றாமல் காம்பராவில் உட்கார்ந்து அதைப் பிரித்தேன். ஏன் இருபது என்பது சீக்கிரம் விளங்கியது. பத்து, அரையாக வேண்டும். அது இருபதில் ஒரு பங்கு. இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் எத்தனை தரத்தில் இருபது வரும் என்பதுதான் கேள்வி. நாலு தரத்தில் பதினாறு, ஐந்து தரத்தில் முப்பத்திரண்டு. இடையில் எங்கோ இருக்கிறது என் நாள். சரி என்று அட்டவணையில் இரண்டைத் தேடினேன். 3010 என்று போட்டிருந்தது. இருபதைத் தேடினேன். அதற்கும் 3010. ஒன்றை மற்றதால் வகுத்தால் ஒன்று. ஒரு பாதி, எட்டே நாள். எட்டாம் நாள் ஐந்து அளவு இருந்தது என்று எனக்கே தெரியும். பிறகு எப்படி அரை? அச்சுப்பிழை என்று நினைத்தேன். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தேன். இருநூறுக்கும் அதே 3010. அந்தப் புத்தகத்தை மூலையில் விட்டெறிந்தேன். மறுநாள் எடுத்தேன். மறுபடி எட்டு நாள் வந்தது. மறுபடி எறிந்தேன். யாரிடமும் கேட்கமாட்டேன் என்று நானே போட்ட தடை வேறு. முன்னுரையில் ஏதோ விளக்கம் இருந்தது. அது ஆங்கிலத்தில், என் ஆங்கிலத்துக்கு எட்டாத ஆங்கிலத்தில் இருந்தது. உன் அப்பா மாலையில் எண்ணெய்க் கையோடு வாசலுக்கு வந்து எட்ட நின்று, "நாப்பதுன்னே வச்சுக்குவமே" என்பார். எனக்கு வரும் கோபத்துக்கு அளவில்லை.

அந்த நாட்களில்தான் அத்தை சொன்ன அந்தச் சம்பவம் நடந்தது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. அத்தை உள்ளே அடுப்படியில் இருந்தார். நீ படியிலிருந்து இறங்கி, பாதையில் தவழ்ந்து, நேரே என்னைப் பார்த்து வந்தாய். உனக்கு நான் யார் என்று அப்போது இன்னும் நினைவிருந்தது. சிரித்துக்கொண்டுதான் வந்தாய். நான் எழுந்து பின்னால் போனேன். நான் விலகிப் போனால் நீ திரும்பிவிடுவாய் என்று நினைத்தேன். நீ திரும்பவில்லை. கானின் விளிம்புக்கு வந்துவிட்டாய். "மதினி, புள்ள கானுக்குப் போறான்" என்று கத்தினேன். கத்திக்கொண்டு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். இரண்டு எட்டு வைத்தால் உன்னை அள்ளியிருக்கலாம். தொட்டால் உனக்குள் அது போய்விடும் என்று நான் நம்பினேன் தம்பி. என்னிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அப்படி இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. நீ கானுக்குள் சரிந்தாய். முழங்கால் அளவுத் தண்ணீர்கூட இல்லை. ஆனால் தலைகுப்புற விழுந்தாய். அத்தை பாய்ந்து வந்து தூக்குவதற்குள் எனக்கு ஒரு வயது கூடிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கொழுந்தை எடைபோட்டுவிட்டுத் திரும்பிய பெண்கள் பாதையில் நின்றார்கள். "பெத்தவ நின்னு பாத்துக்கிட்டு இருக்கா பாரு" என்று ஒருத்தி சொன்னது எனக்குக் கேட்டது. நெற்றியில் சிராய்ப்புத் தவிர உனக்கு ஒன்றுமில்லை. அத்தை உன்னைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்து, "உள்ள போயிரு புள்ள, ஒன்னயப் பாத்துத்தான் வர்றான்" என்றார். அதன் பிறகு அந்த வாசலில் உட்கார்வதை நான் நிறுத்தினேன். நீ படியில் வந்து உட்கார்ந்து கதவைப் பார்ப்பாயாம். சில நாளில் அதையும் விட்டுவிட்டாய்.

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்த எனக்குச் செய்ய வேறு வேலை இல்லை. புத்தகத்தை மறுபடி எடுத்தேன். இந்த முறை விடையைத் தேடாமல், இந்த அட்டவணை என்னதான் சொல்கிறது என்று பார்த்தேன். பெருக்கலைக் கூட்டலாக்கும் வித்தை இது என்று மட்டும் எங்கோ காதில் விழுந்திருந்தது. இரண்டும் ஐந்தும் பெருக்கினால் பத்து. இரண்டுக்கு 3010, ஐந்துக்கு 6990. கூட்டினேன். 10000 வந்தது. பத்துக்கு அட்டவணையில் வெறும் சைபர்கள்தான் போட்டிருந்தது. அந்த ஒன்று எங்கே? அப்போதுதான் விளங்கியது. புள்ளிக்குப் பின்னால் வருவதை மட்டும்தான் அட்டவணை தருகிறது. முன்னால் வரும் எண்ணை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டுக்கு முன்னால் ஒன்றுமில்லை, இருபதுக்கு முன்னால் ஒன்று. 0.3010 அல்ல, 1.3010. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வகுத்தேன். நாலும், புள்ளி மூன்று இரண்டும். அதை எட்டால் பெருக்கினேன். முப்பத்துநாலரை நாளும் கொஞ்சமும். முப்பத்தைந்தாம் நாள். திருப்பிப் போட்டேன், அதே விடை. பதினாறையும் முப்பத்திரண்டையும் வைத்துச் சரிபார்த்தேன், நாலு பாதியும் ஐந்து பாதியும் கச்சிதமாக வந்தன. எனக்கு அவ்வளவு பசி எடுத்தது அந்த மருந்தைக் குடித்ததற்குப் பிறகு அன்றைக்குத்தான்.

முப்பத்தைந்தாம் நாள் காலையில் நான் பாதையைக் கடந்து போனேன். நீ அத்தையின் இடுப்பில் இருந்தாய். "மதினி, இன்னையோட சரியாயிருச்சு. குடுங்க" என்றேன்.

"ஆரு சொன்னா?"

"கணக்கு போட்டுப் பாத்தேன்."

"கணக்கு பாத்தா புள்ளையத் தூக்குவாங்க? போன தடவையும் பதினாறுன்னு கணக்குதான் சொன்ன. அன்னைக்கு குடுத்திருந்தா?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அது மடக்கையில் இருந்தது. உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் தாளை வாங்கி நிதானமாகப் பார்த்தார். அவருக்கு அது விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லவும் இல்லை. "ஊசி செவப்புக் கோட்டுக்குக் கீழ வந்த ஒடனே நாங்க எஞ்சின்ல கை வைக்கிறதில்ல. கொஞ்சம் ஆற விடுவோம். மாஸ்டரும் நாப்பதுன்னாரு. நாப்பதாகட்டும்" என்றார். நீ எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாய். நான் கையை நீட்டியபோது முகத்தை அத்தையின் தோளில் புதைத்துக்கொண்டாய். சண்டை போட எனக்குத் தெம்பிருந்தது, ஆனால் நீ முகத்தைத் திருப்பியதும் அது போய்விட்டது. திரும்பிக் காம்பராவுக்கு வந்தேன். அந்த ஐந்து நாளும் நான் உன் அப்பாவோடு பேசவில்லை. உனக்கு ஒன்று சொல்வேன்: உன் மனைவி ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினால், விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல். பக்கத்தில் உட்கார்ந்து கேள். "ஆகட்டும், பாப்போம்" என்று தாளை மடித்துக் கொடுக்காதே. உன் அப்பா நல்லவர். ஆனால் அந்தத் தாளை மடித்துக் கொடுத்த விதத்தை நான் மறக்கவில்லை.

நாற்பதாம் நாள் அத்தை உன்னை என் கையில் கொடுத்தார். நீ வீறிட்டாய். உடம்பை வில்லாக வளைத்து, கால்களால் என் வயிற்றில் உதைத்து, அத்தையின் சேலையை எட்டிப் பிடித்தாய். கொஞ்ச நேரம் தாங்கினேன். பிறகு நானே உன்னைத் திருப்பிக் கொடுத்தேன். அத்தைக்கு அதில் சந்தோஷமில்லை, அதையும் எழுதுகிறேன். "பழகிருவான் புள்ள" என்றார், என் கண்ணைப் பார்க்காமல்.

அந்த வாரமே கொழும்புக்குப் போக வேண்டிய நாளும் வந்தது. உன் அப்பாவும் கூட வந்தார். இந்த முறை இளவயது டாக்டர் ஒருவர் இருந்தார். கழுத்தைப் பார்த்தார், நாடி பிடித்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், நன்றாகக் குறைந்துவிட்டது என்றார். நான் என் தாளைக் காட்டினேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், இப்படிக் கணக்குப் போட்டேன், நாற்பது நாள் பிள்ளையைத் தொடவில்லை என்றேன். அவர் தாளை வாங்கி உண்மையாகவே அக்கறையோடு பார்த்தார். கணக்குச் சரி என்றார். பிறகு, ஆனால் இது குப்பியில் வைத்த மருந்துக்குத்தான் சரி என்றார். மனித உடம்பில் அது தானாகத் தேய்வது ஒரு பக்கம், சிறுநீரோடு வெளியே போவது இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்தால் பாதியாக எட்டு நாள் வேண்டாம், அதற்கும் முன்னரே ஆகிவிடும். நீங்கள் பல நாள் முந்தியே தூக்கியிருக்கலாம் என்றார். நீ கானில் விழுந்ததைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். அந்த ஒரு நிமிடம் தூக்கியிருந்தால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகியிருக்காது, நாள்முழுதும் அணைத்துக்கொண்டு படுப்பதைத்தான் வேண்டாம் என்கிறோம் என்றார். "அத ஏன் அந்தத் தாள்ல எழுதல?" என்று கேட்டேன். கோபத்தில் சிங்களம் மறந்து தமிழில் கேட்டுவிட்டேன். உன் அப்பா அதைச் சிங்களத்தில் சொன்னார். டாக்டர் சற்று யோசித்துவிட்டு, இதுவரை யாரும் கேட்கவில்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. அதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை. கேட்கத் தெரியாதவர்களுக்கு அந்தத் துண்டுத்தாளில் இடமே இல்லை. நான் எட்டாத ஒரு கணக்கை எட்டிப் பிடித்தேன், சரியாகவும் போட்டேன், அதுவும் போதாத கணக்காகப் போயிற்று.

ரயில் நாவலப்பிட்டி தாண்டி ஏறத் தொடங்கியது. உன் அப்பா ஜன்னலைப் பார்த்தபடியே, "கடைசி அஞ்சு நாள் என்னால" என்றார். நான் ஆமாம் என்றேன். இல்லை என்று சொல்லி அவரைத் தேற்றியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கொட்டகலையில் இறங்கும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். எனக்குக் கை நடுங்கவில்லை என்பதை அவர்தான் முதலில் கவனித்தார்.

நான் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அத்தை இன்னும் கொஞ்ச நாள் இருந்தார். பிறகு அவர் வீட்டில் ஒரு காய்ச்சல், வரச் சொல்லி ஆள் வந்தது. நீ தூங்கும்போது கிளம்பினார். கிளம்புமுன் உன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். நீ விழித்து அவரைத் தேடினாய். அடுப்படிக்குத் தவழ்ந்துபோனாய். கட்டிலுக்கு அடியில் பார்த்தாய். அவர் குளிக்கும் மறைப்பு வரை போய்த் திரும்பினாய். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அழுவாய் என்று தெரியும். உள்வாசலில் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அன்று முழுதும் நீ தேடினாய். மறுநாளும் தேடினாய். நான் ஊட்டினால் வாங்கிக்கொள்வாய், தூக்கினால் விறைப்பாய். நான் அதற்கு நாள் எண்ணவில்லை. எண்ணி எண்ணி எனக்கு அலுத்துவிட்டது. பிறகு ஒரு பிற்பகலில், வெளியே போய்ப் பார்க்க நினைத்தாய் போலிருக்கிறது, வாசலைப் பார்த்துத் தவழ்ந்து வந்தாய். வழியில் என் கால்கள் கிடந்தன. நீ என்னிடம் வரவில்லை தம்பி, அத்தையைத் தேடித்தான் வந்தாய். நான் வழியில் இருந்தேன். ஒரு காலைத் தாண்டினாய். இரண்டாவதைத் தாண்டப் பார்த்தாய், முடியவில்லை. களைத்துப்போய் அப்படியே என் மடியில் தலையை வைத்துவிட்டாய். நான் அசையவில்லை. கை இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் காற்றில் வைத்துக்கொண்டிருந்தேன். நீ நன்றாகத் தூங்கிவிட்டாய் என்று தெரிந்த பிறகுதான் உன் முதுகில் வைத்தேன்.

உன் அம்மா